இரண்டு தசம இடங்கள்

மார்ச் முடிந்து ஒன்பது நாள்.
பெங்களூரிலிருந்து வந்த படிவத்தில்
முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள்.
எதுவானாலும் இரண்டு தசம இடங்கள் வேண்டும் என்று
தலைப்பிலேயே சிவப்பு எழுத்து.

கட்டபெட்டு ஃபேக்டரி மாடியில்
இலை வாடப்போடும் தொட்டிகளுக்குப் பக்கத்தில்
பலகை தடுத்த அறை என்னுடையது.
விசிறி ஓடினால் மேசையில் ஸ்டேப்ளர் தானாக நகரும்.
எட்டு வருஷமாக ஒரே திசையில்தான் நகர்கிறது.

விறகு, ஒரு கிலோ தூளுக்கு 1.80.
கரண்ட், மூன்று மாதம் மீட்டர் ஓடவில்லை.
போன வருஷத்தைப் பார்த்து எழுதினேன்.
'மதிப்பீடு' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது.

தண்ணீர், முந்தைய ஆண்டைவிட
18.40 சதவீதம் குறைவு.
அடித்த உடனே கட்டம் பச்சையானது.
சாயங்காலமே பாராட்டி ஒரு மெயில்:
எப்படிச் சாதித்தீர்கள்?
நூறு சொற்களுக்குள் விளக்கவும்.

நாங்கள் ஒன்றும் சாதிக்கவில்லை.
சோலைக்குள்ளிருந்து வரும் குழாய்
டிசம்பர் கடைசியில் இருமியது,
பொங்கலுக்குப் பிறகு காற்றை மட்டும் தந்தது.
பிட்டர் மோசே முழங்கால் சேற்றோடு வந்து
ஊத்து கண்ண மூடிருச்சு மேடம் என்றார்.
லைன் வீட்டுப் பெண்கள் ராத்திரி இரண்டு மணிக்குக்
கீழ்ப் பள்ளத்துக்குக் குடத்தோடு இறங்கினார்கள்.
அந்தத் தண்ணீர் எங்கள் மீட்டரைத் தொடாமல் வந்தது.

எண்ணினேன், நாற்பது சொல்.
இன்னும் அறுபதுக்கு இடம் இருந்தது.
எல்லாவற்றையும் அழித்துவிட்டு
'செயல்திறன் மேம்பாடு' என்று போட்டேன்.
பெள்ளிராஜ் சார் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
ம், என்றார்.

நிரந்தர ஆள் இருநூற்றுப் பதினான்கு.
அதில் பெண்கள் 71.03.
அந்தப் புள்ளி பூஜ்யம் மூன்று
யார் உடம்பில் எந்தப் பாகம் என்று
வேலை ஓடாத மதியத்தில் யோசித்தேன்.
சுக்மதியின் சுண்டுவிரலாக இருக்க முடியாது.
ஆகஸ்டில் ரோலருக்குள் போன அந்த விரல்
ஒப்பந்தக்காரர் கணக்கில் வரும்.
ஒப்பந்தக்காரருக்குப் படிவம் கிடையாது.

விபத்தில்லா நாள்கள் 365.00.

குணவதியைக் காட்டெருமை முட்டியது
நாலு ஐம்பதுக்கு.
நாலரைக்கே வேலை முடிந்துவிட்டது
என்று வருகைப் பதிவேடு சொல்கிறது.
இரண்டு விலா எலும்பு, கோத்தகிரி ஆஸ்பத்திரி,
பதினாறு நாள் சொந்த லீவு.
அந்த எருமையும் படிவத்தில் இருக்கிறது,
வேறு பக்கத்தில்:
உயிரினப் பன்மை, தோட்ட எல்லைக்குள் கண்டவை,
காட்டெருமை 11.00.
அதுவும் பச்சை.

படம் எடுக்க வந்த பையன் நல்ல பையன்.
சிரிங்கக்கா, கொழுந்தப் பாத்து சிரிங்க, என்றான்.
நாற்பது ஜோடி புதுக் கையுறை கொடுத்தோம்.
மேகம் இறங்குமுன் படம் முடிந்தது.
முப்பத்தொன்பது ஜோடி திரும்ப ஸ்டோருக்கு வந்தது.
குறைந்த ஒன்றை நான் தேடவில்லை.
என் வேலையில் நான் செய்த நல்ல காரியம்
இந்த வருஷத்துக்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்று நாற்பதுக்குக் கடைசிக் கட்டம் நிரம்பியது.
அனுப்பு என்பதை அழுத்தினேன்.
சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது,
மலையில் நெட் அப்படித்தான்.
ஜன்னலுக்குக் கீழே டார்ச் வெளிச்சங்கள்
தேயிலைக்கு நடுவே வளைந்து இறங்கின.
எதிலோ ஒரு குழந்தை தும்மியது.

ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் குழாயும் அதே குழாய்தான்.
இன்று எனக்கு இரண்டு மணி முறை.
லேப்டாப்பை மூடாமலே
கதவுக்குப் பின்னாலிருந்து குடத்தை எடுத்தேன்.
போன வாரம் பாறையில் மோதி
இடுப்பில் நசுங்கிய குடம்.
முழுசாகப் பிடிக்காது.

0.75.